வாத்துச் சட்டி கடல் கடந்த விவரம்

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கள் தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், தங்கள் மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலம். குறிப்பாகக் குழந்தை நலம். எல்லாக் கடிதத்திலும் வரும் வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். குழந்தை நலம், உயிரோடு இருக்கிறாள், கை கால் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன, இந்த நிமிடம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள், மூச்சு வருகிறதா என்று இந்த வாக்கியம் முடிவதற்குள் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டேன். தாங்கள் இருக்கும் மாநாட்டில் யாராவது வந்து தங்கள் தோளில் கை வைத்துத் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினால் தயவுசெய்து நம்ப வேண்டாம். மூன்று நாட்டுப் படகுகள் அவளைக் கடலில் தேடியது உண்மை. அவள் அந்த நேரத்தில் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததும் உண்மை. மரியாதையாகவே கடைசிவரை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன் அண்ணா, முடியவில்லை, இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போனில் சொல்லியிருக்கலாம். என் போனை நேற்று வந்த கடலோரக் காவல்படைக்காரர்கள் விசாரணைக்கென்று வாங்கிப் போயிருக்கிறார்கள். உன் போனை மாநாடு முடியும்வரை அணைத்துத்தான் வைத்திருப்பாய். அதனால் நாளைக் காலை விமானத்தில் உன்னிடம் வருகிற உன் உதவியாளரிடம் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். நாளை மறுநாள் நீ மேடை ஏறுவதற்குள் இதைப் படித்தே ஆகவேண்டும். படிக்காமல் ஏறினால் உன் மானம், உன் மாப்பிள்ளையின் வேலை, தரையின் குப்பை கடலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று இத்தனை நாடுகளும் சேர்ந்து போடப்போகிற அந்த ஒப்பந்தம், எல்லாம் ஒரு வாத்துச் சட்டியில் தட்டிக் கவிழும். எந்தச் சட்டி என்று கேட்பாய். நீ அவளுடைய இரண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாயே, ஆய் போவதற்கு, மஞ்சளாக, வாத்து மாதிரி மூக்கு வைத்து, அதேதான்.

நேற்று முற்பகலில் நான் வாலுவைக் குளியலறை வாளிக்குள் உட்காரவைத்துவிட்டு (அவளுக்கு இப்போது அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது, நல்ல பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று இருக்கிறாள்) துண்டு எடுக்க வந்தேன், வாசலில் மணி அடித்தது. திறந்தால் வெள்ளைச் சீருடையில் இரண்டு பேர். தலையில் இருக்கவேண்டிய தொப்பி கையில் இருந்தது. பெரியவர் மிக மெதுவாக, "உட்காருங்கம்மா" என்றார். என் வீட்டில் என்னையே உட்காரச் சொல்கிறார். நான் கால்வாயை நினைத்தேன், கால்வாய் ஓரத்தில் நின்று வேலை பார்க்கிற உன் மாப்பிள்ளையை நினைத்தேன்.

"அவருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு!"

பெரியவர் சின்னவரைப் பார்த்தார். "இவங்களுக்கே இன்னும் விஷயம் தெரியல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "குழந்தை எப்பம்மா காணாம போச்சு?" என்றார்.

அண்ணா, அவள் வாளிக்குள் உட்கார்ந்து பாடுகிற பாட்டு என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் நான் அலறினேன். அலறிக்கொண்டே ஓடினேன், அவளைப் பார்த்தேன், பார்த்த பிறகும் அலறினேன். சோப்பு நுரையோடு வாரிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நிறுத்தினேன். இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர்களுக்கும் அதிர்ச்சிதான், ஆனால் அது சீருடைக்குள் அடங்கிய அதிர்ச்சி.

"இது வேற குழந்தையா?" என்றார் சின்னவர்.

"எனக்கு இருக்கறதே ஒண்ணுதான் சார்!"

"பாப்பா, உன் பேர் என்ன?"

"ஆமை" என்றாள் வாலு. "நான் கடல்ல இருக்கேன்."

சின்னவர் அதை எழுதிக்கொண்டார். நீ அனுப்பிய கடல் படப் புத்தகத்தின் வேலை இது, ஒரு வாரமாக வீட்டில் ஆமைதான். "விளையாட்டுக்குச் சொல்றா சார், எழுதாதீங்க" என்று கெஞ்சினேன். பெரியவர் குனிந்து, "சரி பாப்பா, இவங்க யாரு? உன் அம்மாவா?" என்று கேட்டார். இவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெற்று வளர்த்து ஊட்டிவிட்டுத் தூங்கவைத்த என்னைப் பார்த்து, "ஆமைக்கு அம்மா கிடையாது. முட்டை போட்டுட்டுப் போயிடும்" என்றாள். அதற்கப்புறம் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மூன்று வயது வரைக்குமான போட்டோக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு என் மகளுக்கு நான்தான் அம்மா என்று நிரூபித்தேன். உன் தங்கை முதுகலைப் பட்டம் வாங்கியவள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் அந்தப் பெரிய கடையில் வாலு கை நழுவிப்போய், துணி அடுக்குக்குப் பின்னால் கிடைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து நான் அவளுடைய சாமான் ஒவ்வொன்றிலும் எழுதி வைக்கிறேன். "நான் தொலைந்துவிட்டேன். என்னை என் அம்மாவிடம் சேர்க்கவும்" என்று எழுதி, கீழே என் நம்பர். எனக்கு ஒன்று ஆகிவிட்டால்? அதனால் அதற்கும் கீழே "அம்மா எடுக்காவிட்டால் மாமா" என்று உன் நம்பர். சாதாரணப் பேனா அழிந்துவிடுகிறது என்று உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் பெருமையாக ஆபீஸிலிருந்து குழாய்களில் குறி போடும் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தார். "இருபது வருஷம் சாக்கடையில கெடந்தாலும் இது போகாது" என்றார். செருப்பு, தொப்பி, பால் பாட்டில், டிபன் மூடி, நீச்சல் வளையம், வாத்துச் சட்டியின் அடிப்பாகம், எதையும் விட்டுவைக்கவில்லை. போகவில்லை அண்ணா. உப்புத் தண்ணீரிலும் போகவில்லை. அந்தப் பேனாவைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும்.

பெரியவர் தன் போனில் யாரையோ கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். திரையில் ஒரு பெண்மணி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவு நாட்டில் துறைமுக அதிகாரி. பக்கத்தில் நம் மொழி தெரிந்த ஒரு கப்பல் சமையல்காரர், மொழிபெயர்த்துச் சொல்ல. அவர்களுக்குப் பின்னால் ஒரு நீள மேசை, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வரிசையாக, நடுவில் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு, என் மகளின் சாமான்கள். ஒற்றை இளஞ்சிவப்புச் செருப்பு. பாட்டில். நீச்சல் வளையம். யானை போட்ட சட்டை. பல் துலக்கும் பிரஷ்கூட அண்ணா! வரிசைக்குத் தலைமாட்டில் வாத்துச் சட்டி, அதற்கு முன்னால் யாரோ ஒரு மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். நல்லவேளை, ஏற்றவில்லை.

சில நாட்களுக்குள் ஒரே கரையில் இவ்வளவும் ஒதுங்கியிருக்கிறது. சமையல்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்களாம், அவர் படித்தாராம், "நான் தொலைந்துவிட்டேன், என்னை என் அம்மாவிடம் சேர்க்கவும்". படித்துவிட்டு அவரே அழுதுவிட்டாராம். நடுக்கடலில் ஏதோ படகு கவிழ்ந்துவிட்டது, அதில் ஒரு குழந்தை இருந்தது என்று முடிவு செய்து உடனே என் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை. வெளிநாட்டு நம்பரை எடுத்தால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்று நீதானே போன மாதம் எச்சரித்தாய்? கூப்பிடக் கூப்பிட வெட்டினேன். கடைசியில் அந்த நம்பரையே தடைசெய்துவிட்டு, எவ்வளவு சமர்த்தாக இருக்கிறேன் என்று உன் மாப்பிள்ளையிடம் வேறு பீற்றிக்கொண்டேன். அப்புறம் உன் நம்பர். நீ அணைத்து வைத்திருந்தாய். அம்மாவும் எடுக்கவில்லை, மாமாவும் எடுக்கவில்லை, குடும்பமே மூழ்கிவிட்டது என்று அவர்கள் படகை எடுத்துவிட்டார்கள்.

தீவுக்காரர்களிடம் படகு போதவில்லை. பக்கத்து நாட்டைக் கேட்டார்கள், அவர்கள் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாடு எரிபொருள் அனுப்பியது. நம் காவல்படையும் கிளம்பியது. அண்ணா, நீ போன தடவை வந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாயே, யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று பேசியே ஒரு முழு மாநாடு முடிந்துபோனதென்று, அதே நாடுகள்தான். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லையாம். ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த என் மகளைக் கடலில் தேடியிருக்கிறார்கள்.

நான் வாலுவைத் தூக்கித் திரையில் காட்டினேன். அந்தப் பெண்மணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதார். பின்னால் கூட்டமாக யாரோ கைதட்டினார்கள். வாலு அவர்களைப் பார்த்து, "என் வாத்து! குடு!" என்று கத்தினாள், அதையும் சமையல்காரர் மொழிபெயர்த்தார், எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தோடு முடிந்திருக்கலாம். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ இதெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?"

பதில் வாலுவுக்குத் தெரிந்தது. என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, பின்பக்க மாடிக்குப் போய், குழாய் இறங்குகிற மூலையில் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் அகலமாக ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கே நின்றாள். அவள் தலை நுழையாது, நானே டேப் வைத்து அளந்திருக்கிறேன், சாமான் நுழையுமா என்று அளக்கத் தோன்றவில்லை. நான் சுற்றிவிட்டிருந்த துண்டை இடது கையால் உருவி அந்த வழியாகக் கீழே கால்வாய்க்குள் விட்டாள். வலது கையை ஆட்டி, "டாட்டா" என்றாள்.

தினமும் சாயங்காலம் அங்கே நின்று டாட்டா சொல்வாள் அண்ணா. தண்ணீருக்கு டாட்டா சொல்கிறாள், என்ன மரியாதை, என்ன மனசு என்று நான் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீயும் உன் ஆபீஸ் முழுக்கக் காட்டியதாகச் சொன்னாய். தயவுசெய்து அதை மறுபடி பார். இடது ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒன்று கீழே போகும். அதுதான் செருப்பு.

இன்னொரு அதிர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். மேசையின் கடைசியில் நம் நீலக் குளியல் மக்கும் இருந்தது. அந்த மக்கைத் திருடிவிட்டதாகச் சந்தேகப்பட்டுத்தான் கீழ்வீட்டு அக்காவோடு நான் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பேசுவதில்லை. நேற்றே இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கதவை அரையாகத் திறந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ நான் திருடின மக்கு நீந்தியே வெளிநாடு போயிடுச்சாக்கும்? நான் இன்னும் பக்கத்துத் தெருவ தாண்டினதில்ல" என்றார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார்.

இப்போது தலையாய சங்கதிக்கு வருகிறேன். சாயங்காலம் உன் மாப்பிள்ளை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை நலம் என்று சிரிப்பார் என்று பார்த்தால் மனிதர் முகம் வெளுத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். காரணம் உனக்குப் புரிந்திருக்கும். அவர் பொறுப்பில் கால்வாய் முகத்துவாரத்தில் இருக்கிற கம்பித் தடுப்பு. எல்லா நாடுகளும் சேர்ந்து கொடுத்த பணத்தில் வைத்தது. அதன் படத்தைத்தான் நீ நாளை மறுநாள் பெரிய திரையில் போடப்போகிறாய். "இதன் வழியே தண்ணீர் போகும், உள்ளங்கை அளவுப் பொருள்கூடப் போகாது" என்று நீ பேசப்போவதை எங்களிடம் ஒத்திகைகூட பார்த்தாய், நான் கைதட்டினேன். மற்ற நாடுகள் எல்லாம் இதே மாதிரித் தடுப்பு வைக்க ஒத்துக்கொள்வதே உன் அந்தப் பேச்சை நம்பித்தான்.

"உள்ளங்கை அளவு போகாதுன்னா வாத்துச் சட்டி எப்படிங்க போச்சு?" என்று கேட்டேன்.

"மழை பெய்யுற அன்னிக்குத் தூக்கிடுவோம்" என்றார்.

"எதை?"

"தடுப்ப."

"மழை பெய்யாத அன்னிக்கு?"

"மழை பெய்யாத அன்னிக்கு எதுவுமே ஓடாது. அப்படியே தேங்கிக் கெடக்கும். பெய்ஞ்சாதான் எல்லாம் கெளம்பி வரும். வந்து தடுப்புல அப்பிக்கும். தூக்கலன்னா தெருவெல்லாம் தண்ணி. நான் என்ன செய்ய? ஊரோட குப்பைய மொத்தமா ஒரு கம்பி தாங்குமா?"

"இத எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"உங்க அண்ணன் கேக்கவே இல்லையே. போட்டோ அனுப்புன்னாரு, அனுப்பினேன். அன்னிக்கு நல்ல வெயில்."

தீவுக்கார அம்மாள் போனை வைப்பதற்கு முன்னால் சொன்னது நினைவுக்கு வந்தது. நம் பக்கத்துக் கால்வாயிலிருந்து அவர்கள் கரைக்கு ஏறக்குறைய மூன்று வாரப் பயணமாம். "இத்தனை வருஷமா எங்க கரையில ஒதுங்கறது மலை மாதிரி கெடக்கு. எதுலயும் யார் பேரும் இல்ல, நம்பரும் இல்ல. யாரக் கூப்பிட்டுக் கேக்கறது? முதல் தடவையா கூப்பிடறதுக்கு ஒரு நம்பர் கெடச்சது. அது உங்களுது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மிகவும் அன்பாகச் சொன்னார். அதோடு, வாத்துச் சட்டியை அவர்கள் நாட்டுப் பிரதிநிதி மாநாட்டுக்குக் கொண்டுவரப்போகிறார், கூடத்து வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள் என்றும் சொன்னார். அடிப்பாகம் மேலே தெரியும்படி. அதில் உன் நம்பர் இருக்கிறது. நம் நாட்டுக் குழுவின் தலைவருடைய நம்பர், ஆய்ச் சட்டியின் அடியில், நான் என் கையால் குண்டு குண்டாக எழுதியது.

ஆகவே அண்ணா, இரவு முழுக்க யோசித்து நானும் உன் மாப்பிள்ளையும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நீ உன் பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். படத்தையும் தைரியமாகக் காட்டு. இன்றைக்கே இவர் தடுப்பை இறக்கிப் பூட்டிவிட்டார். சாவி இவர் சட்டைப் பையில் இருக்கிறது. மழையோ புயலோ, இனி அதைத் தூக்கப்போவதில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். மாடி மூலையில் நான் வலை கட்டிவிட்டேன். அதனால் நீ சொல்வது பொய் ஆகாது, இன்றிலிருந்து உண்மை, தேதியில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். நீ செய்யவேண்டியது, கண்ணாடிப் பெட்டிக்காரரிடம் நைசாகப் பேசி அந்தச் சட்டியைத் திருப்பி வைக்கச் சொல்வது. முடியாவிட்டால் உன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிடு, வெக்கையாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நாடுகள் ஒன்றாக ஒரு காரியம் செய்வது எவ்வளவு அபூர்வம் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அது நம் வீட்டுச் சாமானால் கெட்டுப்போகக் கூடாது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் இடத்தில் கழுத்தை மூடிக்கொள். உன் பேச்சு நல்லபடியாக முடிந்து, நீ நினைத்தது நடந்து, தலை நிமிர்ந்து வீடு திரும்ப வேண்டும். ஆமை தன் மாமாவுக்கு முத்தம் தரச் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

உன் பாசமுள்ள, இன்னும் படபடப்பு அடங்காத,
தங்கை

பின்குறிப்பு: விடிந்துவிட்டது. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன், மேலே எழுதியது எதையும் செய்யாதே. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. தடுப்பு பூட்டியே இருந்தது, உன் மாப்பிள்ளை சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு கையில் சாவியோடு சன்னலருகே நின்றார். தெரு நிரம்பியது. படி ஏறியது. கீழ்வீட்டு அக்காவின் சமையலறையில் முழங்கால் அளவுத் தண்ணீர், அவருடைய வயதான மாமனாரைக் கட்டிலோடு தூக்கி மேசைமேல் வைத்திருக்கிறார்கள், அக்கா கீழேயிருந்து என்னைப் பார்த்தார், கத்தக்கூட இல்லை, சும்மா பார்த்தார். இவர், "உங்க அண்ணனுக்குக் குடுத்த வாக்கு?" என்றார். "எங்க அண்ணன் மேடையில நிக்கறார், அக்கா தண்ணியில நிக்கறாங்க. ஓடிப்போய்த் தொறங்க!" என்று கத்தினது நான்தான் அண்ணா, உன் கூடப்பிறந்தவள்தான். திறந்தார். தெருவின் மொத்தக் குப்பையும் இரைச்சலோடு கடலைப் பார்க்கப் போனது, தண்ணீர் வடிந்தது, மாமனார் கட்டில் தரையைத் தொட்டது.

அதனால் படத்தைக் காட்டாதே. மழை பெய்தால் திறக்கிறோம் என்று சொல். ஒரு கம்பியால் ஆகாது, குப்பை தெருவிலேயே நிற்க வழி வேண்டும், எங்களுக்குத் தனியாகத் தெரியவில்லை, வந்து உதவுங்கள் என்று கேள். தொலையாத குழந்தைக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், இதற்கு வரமாட்டார்களா? சட்டியைத் திருப்பி வைக்க வேண்டாம், நம்பர் தெரியட்டும், உன் போனை மட்டும் போட்டு வை.

உன் உதவியாளர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஷூவைக் கையில் பிடித்தபடி படியில் நிற்கிறார், முடிக்கிறேன். தீவுக்கார அம்மாளின் ஆளை அங்கே பார்த்தால் ஒரு செய்தி சொல். இன்னும் மூன்று வாரத்தில் அவர்கள் கரைக்கு ஒரு சிவப்பு வாளி வரும், அக்கா வீட்டுப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றும் வரும், இன்னும் என்னென்னவோ வரும். யாரையும் தேட வேண்டாம், எல்லோரும் நலம். அக்கா காலையிலேயே என் பேனாவை இரவல் கேட்டார், இப்போது தெருவே வரிசையில் நிற்கிறது. வாளியில் என் நம்பர் இருக்கிறது. கூப்பிடச் சொல், இந்தத் தடவை எடுப்பேன்.